சிவப்புக் கண் மரத்தவளையின் முட்டைக்குள் என்ன நடக்கிறது?

பச்சை உடம்பும் ரத்தச் சிவப்புக் கண்ணும் ஆரஞ்சு நிறப் பாதமுமாக, கணினித் திரைகளிலும் நாள்காட்டிகளிலும் அடிக்கடி பார்க்கிற அந்தத் தவளை நிஜமா, எங்கே வாழ்கிறது, விஷமுள்ளதா, அந்தக் கண் எதற்கு, நம் காடுகளில் உண்டா, வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகமே இந்தத் தவளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது அதன் முட்டையை. எனவே இந்தப் பதிலில் பாதிக்கு மேல் முட்டையைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் விலாசம். இதன் அறிவியல் பெயர் அகாலிக்னிஸ் காலிட்ரியாஸ். அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் 1862-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். தெற்கு மெக்சிகோவில் தொடங்கி குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா வழியாகப் பனாமா வரையும், கொலம்பியாவின் வடமேற்கு மூலையிலும் உள்ள ஈரமான தாழ்நிலக் காடுகளில் வாழ்கிறது. அமேசான் காட்டுத் தவளை என்று பல படங்களின் கீழே எழுதியிருப்பார்கள். அது தவறு, இது மத்திய அமெரிக்காவின் தவளை. ஆண் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம், பெண் 7 சென்டிமீட்டர் வரை வளரும். படங்களில் மிக நெருக்கத்தில் எடுத்திருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. நேரில் உங்கள் உள்ளங்கையில் தாராளமாக அடங்கிவிடும்.

நிறங்களும் நீங்கள் படத்தில் பார்ப்பதுபோல எப்போதும் வெளியே தெரிவதில்லை. பகலில் இது ஓர் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும். கால்களை வயிற்றோடு மடக்கி, நீலமும் மஞ்சளுமான விலாவை மறைத்து, ஆரஞ்சுப் பாதங்களை உள்ளே இழுத்து, கண்களை மூடிக்கொண்டால் மிச்சம் தெரிவது இலைப் பச்சை ஒன்றுதான். கண்ணை மூடும் விதத்திலும் ஒரு விசேஷம் உண்டு. கீழிமை ஒளி ஊடுருவும் ஒரு சவ்வு. அதன்மேல் பொன்னிறத்தில் வலைப்பின்னல் போலக் கோடுகள் ஓடுகின்றன. சிவப்பு மறைந்துவிடுகிறது, ஆனால் வெளிச்சமும் நிழலும் உள்ளே போகின்றன. விலா, தொடை நிறங்கள் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. கோஸ்டாரிகாவின் கரீபியக் கடற்கரைப் பக்கம் தொடை நீலமாக இருக்கும், பசிபிக் பக்கம் போனால் ஆரஞ்சாகிவிடும்.

சரி, அந்தச் சிவப்பு எதற்கு? தூங்கும் தவளையை ஏதாவது தொட்டால் அது சட்டென்று கண்ணைத் திறக்கும், நிறங்கள் அத்தனையும் ஒரே நொடியில் வெளிப்படும், எதிரி ஒரு கணம் திகைக்கும், அதற்குள் தவளை தாவிவிடும். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் இதை ஒரு நல்ல ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆவணப்படங்கள் இதை முடிந்த முடிவாகச் சொல்கின்றன, அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். குஞ்சுத் தவளைகளுக்குக் கண் மஞ்சளாகத்தான் இருக்கும், வளர வளரத்தான் சிவக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

விஷம் பற்றிய பயம் வேறொரு குடும்பத்தால் வந்தது. அதே மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் பளபளவென்று நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்களில் நச்சு அம்புத் தவளைகள் இருக்கின்றன. அவை தின்னும் எறும்புகள், மிகச் சிறிய உண்ணிகள் ஆகியவற்றிலிருந்து நச்சு அவற்றின் தோலுக்குப் போய்ச் சேருகிறது. அவை பகலில் தரையில் தைரியமாக நடமாடும். நம் சிவப்புக் கண்காரன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. இது இலைத் தவளைகள் எனப்படும் குடும்பம். இவற்றின் தோலில் பெப்டைடு எனப்படும் சிறு புரதங்கள் உண்டு. தொட்டால் மனிதருக்கு ஆபத்தில்லை, ஆனால் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது. இதே குடும்பத்தில், அமேசானில் வாழும் ஒரு பெரிய பச்சைத் தவளையின் தோல் சுரப்பைத்தான் அங்குள்ள சில பழங்குடிகள் 'காம்போ' என்ற பெயரில் சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். அது கடுமையானது. இந்தத் தவளையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இருட்டிய பிறகுதான் இதன் நாள் தொடங்குகிறது. பெரும்பாலும் தாவாமல், கிளையைக் கையால் பற்றி ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து நடக்கும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். மே மாதவாக்கில் மழை தொடங்கியதும் ஆண்கள் காட்டுக் குட்டைகளுக்கு மேலே தொங்கும் செடிகளில் இடம்பிடித்து, 'சக்' என்று ஒற்றைச் சொல்லாகக் கூப்பிடும். இன்னொரு ஆண் பக்கத்தில் வந்துவிட்டால் கூப்பாடு போதாது. பின்னங்கால்களை விறைத்து உடம்பின் பின்பகுதியை வேகமாக ஆட்டும். செடியே நடுங்கும். இதைத் தவளை சும்மா கோபத்தில் உடம்பை உதறுவதாகத்தான் எண்ணியிருந்தார்கள். மைக்கேல் கால்ட்வெல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பனாமாவில் அகச்சிவப்புக் கேமராவால் இரவில் படம்பிடித்து, செடியைச் செயற்கையாக அதிரவைத்து, ஒரு பொம்மைத் தவளையையும் வைத்துப் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆட்டமே ஒரு மொழி. தண்டின் வழியே போகும் அதிர்வை எதிராளி உணர்ந்து பதிலுக்கு ஆட்டுகிறது. அதிர்வு என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்குப் போகும்போது தேவைப்படும்.

இணை சேர்ந்ததும் ஆண் பெண்ணின் முதுகில் ஏறிக்கொள்ளும். பெண் அதைச் சுமந்தபடியே மரத்திலிருந்து குட்டைக்கு இறங்கும், தண்ணீரில் உட்கார்ந்து தன் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளும், மறுபடி ஆணோடு மேலே ஏறும். தண்ணீருக்கு நேர் மேலே தொங்கும் ஓர் இலையைத் தேர்ந்து முட்டையிடும். முட்டைக் கொத்தைச் சூழ்ந்த பசைக்கு அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். அது போதாவிட்டால் முட்டைகள் காய்ந்துபோகும். ஒரே இரவில் பல கொத்துகள் இடும்போது பெண் ஒவ்வொரு முறையும் கீழே போய் நிரப்பிக்கொண்டு வரவேண்டியிருக்கும், அதுவும் முதுகில் ஓர் ஆளோடு. போகும் வழியில் இன்னோர் ஆண் வந்து தொற்றிக்கொள்வதும் உண்டு. ஒரே கொத்து முட்டைகளுக்கு இரண்டு தந்தையர் இருப்பதை மரபணுச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

ஒரு கொத்தில் ஏறக்குறைய 40 முட்டைகள் இருக்கும். பெற்றோரின் வேலை அத்தோடு முடிந்தது, காவலுக்கு யாரும் இருப்பதில்லை. தண்ணீரில் முட்டையிட்டால் மீன் தின்றுவிடும் என்பதால்தான் இலையில் இடுகின்றன. ஆனால் இலையிலும் நிம்மதி இல்லை. இரவில் பூனைக்கண் பாம்பு வரும், பகலில் கிளிப்பச்சை நிறத்தில் வேறொரு பாம்பு வரும், குளவி வரும், பூஞ்சை படரும், வெயில் உலர்த்தும், பெருமழையில் குட்டை நிரம்பி முட்டையையே மூழ்கடிக்கும். முட்டைக்குக் கால் இல்லை, ஓட முடியாது. ஒரு பாம்பு கொத்தைக் கண்டுவிட்டால் நாற்பதும் போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

1990-களின் தொடக்கத்தில் கேரன் வார்கென்டின் என்ற இளம் ஆய்வாளர் கோஸ்டாரிகாவின் கோர்கோவாடோ தேசியப் பூங்காவில் இந்தக் கொத்துகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பாம்பு கொத்தில் வாயை வைத்த சிறிது நேரத்தில், இன்னும் நாள் ஆகாத முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே பாய்ந்து, கீழே இருந்த தண்ணீரில் விழுந்தன. பாம்பின் வாயில் மிஞ்சியது பெரும்பாலும் வெறும் பசை. யாரும் தொந்தரவு செய்யாத கொத்து பொரிய ஆறு அல்லது ஏழு நாள் ஆகும். ஆபத்து வந்தால் நான்காம் நாள் முதலே பொரிந்துவிட முடியும். ஐந்து நாள் வயதான கொத்தைப் பாம்பு தாக்கினால் கருக்களில் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. முட்டைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவற்றால் வெட்டிவிட முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. இந்த முடிவுகளை அவர் 1995-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அதன் பிறகு பனாமா கால்வாயை ஒட்டிய கம்போவா என்ற சிற்றூரில், ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் வசதிகளோடு, அவரும் மாணவர்களும் இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகத் தோண்டிவருகிறார்கள். கீழே நான் சொல்லப்போகும் பலவும் அந்த உழைப்பில் வந்தவை.

நான்காம் நாளே பொரிய முடியுமென்றால் எல்லாமே நான்காம் நாளே பொரிந்துவிட வேண்டியதுதானே, எதற்காக ஏழாம் நாள் வரை பாம்புக்குத் தலைநீட்டிக்கொண்டு இலையில் தொங்க வேண்டும்? இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். பதில் கீழே தண்ணீரில் இருக்கிறது. அங்கே மீனும் இறாலும் தட்டான்பூச்சியின் இளம்பூச்சிகளும் காத்திருக்கின்றன. நான்காம் நாளில் விழும் தலைப்பிரட்டை சிறியது, வால் வளர்ச்சி போதாது, வேகமாக நீந்தத் தெரியாது. ஏழாம் நாளில் விழுவது பெரியது, வலுவானது. இரண்டையும் இறால், மீன் இருக்கும் தொட்டியில் விட்டுப் பார்த்தபோது, சீக்கிரம் பொரிந்தவைதான் அதிகம் இரையாயின. ஆக, இலையில் ஓர் ஆபத்து, நீரில் ஓர் ஆபத்து. இலையில் எதுவும் வராதவரை உள்ளேயே இருந்து வளர்வது லாபம். பாம்பு வாய் வைத்துவிட்டால் சிறியதாக இருந்தாலும் குதிப்பது லாபம். எப்போது எது லாபம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது, இன்னும் பிறக்காத ஒரு கரு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அது மழைக்காடு, மழைக்காலம். ஒவ்வொரு மழைத் துளியும் இலையை உலுக்குகிறது, முட்டைக் கொத்து நடுங்குகிறது. சில நேரம் பாம்பு கடித்து இழுப்பதைவிட மழையின் அடி பலமாகவே இருக்கும். அசைந்தால் குதி என்பது விதியாக இருந்தால் முதல் மழையிலேயே எல்லாக் கருக்களும் தேவையில்லாமல் குதித்து, இறாலுக்கு இரையாகிவிடும். அப்படி நடப்பதில்லை. மழையில் அவை அமைதியாக இருக்கின்றன, பாம்பு வந்தால் வெளியேறுகின்றன. கதவைத் தட்டுகிற விதத்திலேயே வந்திருப்பது யார் என்று வீட்டிலிருப்பவர் கண்டுகொள்வது போல, அதிர்வு வரும் விதத்தை வைத்தே கரு ஆளை அடையாளம் காண்கிறது.

எப்படி என்று கண்டுபிடிக்க வார்கென்டின் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கொத்துக்குள் ஒரு சிறிய அதிர்வுமானியைப் பொதித்து, பாம்பு தாக்கும்போது ஏற்படும் அதிர்வையும் மழையின் அதிர்வையும் பதிவு செய்தார். பிறகு பாம்பு இல்லாமல், மழை இல்லாமல், அந்தப் பதிவுகளை மட்டும் ஓர் அதிர்வுக் கருவி வழியே வேறு கொத்துகளுக்குப் போட்டுக் காட்டினார். பாம்பின் பதிவுக்குக் கருக்கள் பொரிந்தன, மழையின் பதிவுக்கு மிகக் குறைவாகவே பொரிந்தன. வாசனை, பாம்பின் உருவம், முட்டை உடைந்து கசியும் திரவம் எதுவும் அங்கே இல்லை. அதிர்வு மட்டுமே போதுமானதாக இருந்தது. பின்னர் பதிவுகளை வெட்டி ஒட்டினார். பாம்பு அதிர்வின் இடைவெளிகளை மாற்றி மழை போல ஆக்கினால் பொரிவது குறைந்தது. மழையை இடைவெளி விட்டுப் பாம்பு போல ஆக்கினால் கூடியது. 2005-இல் வெளிவந்த ஆய்வு இது.

பாம்பு எப்படித் தின்னும் என்று யோசித்தால் இதன் நியாயம் புரியும். அது கடிக்கும், இழுக்கும், பிறகு சற்று நிறுத்தி விழுங்கும், மறுபடி கடிக்கும். அதிர்வு நீளமாக வரும், நடுவில் நீண்ட அமைதி இருக்கும். மழைத்துளியோ சுருக்கமாக, அடுத்தடுத்து விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த கட்டமாகக் கணினியில் செயற்கை அதிர்வுகளைத் தயாரித்து, அதிர்வின் நீளத்தையும் இடைவெளியையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தார்கள். கருக்கள் இரண்டையுமே சேர்த்து எடைபோடுகின்றன என்று தெரிந்தது. ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் அவை எளிதில் நம்புவதில்லை. அதோடு அதிர்வின் சுருதியும் கணக்கில் வருகிறது. பாம்பின் அசைவில் தாழ்ந்த அதிர்வெண்களே மிகுதி, மழையில் உயர்ந்த அதிர்வெண்களும் கலந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடைவெளியை அளக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு அதிர்வாவது வந்தாக வேண்டும், உறுதியாக அறிய இன்னும் சில வேண்டும். பாம்பு தின்றுகொண்டிருக்கும்போது ஒவ்வொரு விநாடிக் காத்திருப்பும் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் அவை முதல் உலுக்கலிலேயே ஓடுவதில்லை. சற்றுப் பொறுத்து, தகவல் சேர்த்து, பிறகுதான் முடிவெடுக்கின்றன. வயது குறைந்த கரு அதிகம் காத்திருக்கிறது, வயது கூடிய கரு கொஞ்சம் சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுகிறது. சிறியதற்குத் தண்ணீர் அதிக ஆபத்தானது என்பதால் அது இன்னும் உறுதியான சான்றைக் கேட்கிறது. பெரியதற்குத் தவறான எச்சரிக்கையில் குதித்தாலும் இழப்பு குறைவு. இதையெல்லாம் ஒரு கரு உட்கார்ந்து கணக்குப் போடுகிறது என்று நான் சொல்லவில்லை. பல்லாயிரம் தலைமுறைகளில் தப்பியவற்றின் வாரிசுகளிடம் இந்த எடைபோடல் பதிந்துபோயிருக்கிறது.

குளவி வந்தால் கதை வேறு. குளவி முழுக் கொத்தையும் வாயில் வைக்க முடியாது. ஒவ்வொரு முட்டையாகக் கடித்துத் திறந்து, உள்ளிருக்கும் கருவைத் தூக்கிக்கொண்டு போகும். அப்போது கொத்து முழுவதும் காலி ஆவதில்லை. கடிபட்ட முட்டையும் அதை ஒட்டிய சில முட்டைகளும் மட்டுமே பொரிகின்றன. மற்றவை தொடர்ந்து வளர்கின்றன. பூஞ்சை படர்ந்தால் பாதிக்கப்பட்ட கொத்தில் கருக்கள் சற்று முன்கூட்டியே வெளியேறுகின்றன. கொத்து காய்ந்துகொண்டே போனாலும் அப்படித்தான். குட்டை நிரம்பி முட்டை மூழ்கினால் ஆக்சிஜன் குறையும், அதையும் ஒரு சைகையாக எடுத்துக்கொண்டு பொரிகின்றன. ஒரே செயல், ஆனால் அதைத் தூண்டும் காரணங்கள் இத்தனை. ஒவ்வொன்றுக்கும் பதிலின் அளவும் வேறு.

ஆக்சிஜன் குறையும்போது பொரியும் திறன் முதலில் வருகிறது, அதிர்வுக்குப் பொரியும் திறன் சற்றுப் பின்னால்தான் வருகிறது. ஏன் இந்த இடைவெளி? வெளியேறும் திறமை அதற்கு ஏற்கெனவே இருக்கிறது, அதிர்வை உணரும் உறுப்புத்தான் இன்னும் தயாராகவில்லை. அந்த உறுப்பு உட்செவி. நமக்குத் தலை சுற்றாமல் நிற்க உதவும் அதே சமநிலை உறுப்பு கருவுக்குள் வேலை செய்யத் தொடங்கும் நேரமும், அது அதிர்வுக்குப் பொரியத் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன என்று வார்கென்டினின் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். கருவை மெல்லச் சாய்த்து, கண் எதிர்ப்புறமாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கண் திரும்பினால் உட்செவி விழித்துவிட்டது என்று பொருள்.

முடிவெடுத்த பிறகு வெளியே வருவது எப்படி? கோழிக்குஞ்சு ஓட்டைக் கொத்தி உடைக்கும், இதற்கு அலகும் இல்லை, பல்லும் இல்லை. இந்தக் கருவின் மூக்கு நுனியில் நிறைய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் முட்டைச் சவ்வைக் கரைக்கும் நொதி சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது. பல தவளைகளில் அந்த நொதி நாள்கணக்கில் மெதுவாகக் கசிந்து சவ்வை இளக்கும். இது அப்படி வீணாக்குவதில்லை, தேவைப்படும்போது மொத்தமாகத் திறந்துவிடுகிறது. கரு நடுங்கி வாயைத் திறந்து மூடும், மூக்குக்கு நேரே சவ்வில் ஒரு துளை விழும், உடனே உடம்பை நெளித்து அந்தத் துளைக்குள் தலையை நுழைத்து வெளியே பாயும். அதிவேகக் கேமராவில் பார்த்தால் தொடக்கம் முதல் முடிவு வரை சராசரியாக ஏறக்குறைய 20 விநாடிகள். நெளியும்போது உடம்பு சுழன்று துளையைத் தவறவிட்டுவிட்டால் சில கருக்கள் வேறோர் இடத்தில் இரண்டாம் துளை போடுகின்றன. நொதியை அந்த அளவுக்கு மிச்சம் வைத்திருக்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் கரு மூச்சுவிடவும் வேண்டும். ஒரு முட்டைக்குள் ஆக்சிஜன் எல்லா இடத்திலும் ஒரேபோல் இருப்பதில்லை. காற்றுப்படும் பக்கம் அதிகம், கொத்தின் உட்பக்கம் மிகக் குறைவு. வயது கூடிய கருவுக்கு இறகுபோலக் கிளைத்த செவுள்கள் தலையின் இரு புறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது அந்தச் செவுள்களைக் காற்றுப்படும் பக்கமாகவே வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஊசியால் அதைச் சற்றுத் திருப்பிவிட்டால் மறுபடி திரும்பி அந்த இடத்துக்கே வந்துவிடும். பொரிந்த பிறகு அந்தச் செவுள்கள் விரைவில் சுருங்கத் தொடங்குகின்றன, நீரில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் உள்ளேயே காத்திருக்கும் கருவிடம் அவை பெரிதாக, வேலை செய்துகொண்டே இருக்கும். இந்தச் செவுள்கள் இல்லாவிட்டால் கடைசி நாள் வரை முட்டைக்குள் காத்திருக்கவே முடியாது. முட்டை என்பது நேரம் வந்தால் தானாக வெடிக்கும் ஒரு பொதி என்று நான் கல்லூரி நாளில் படித்தது இந்த இடத்தில் முழுக்க உதிர்ந்துபோகிறது. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது, கேட்கிறது, இடம் மாறுகிறது, பொறுக்கிறது, தீர்மானிக்கிறது.

தண்ணீரில் விழுந்த பிறகு பல வாரங்கள் தலைப்பிரட்டையாகக் கழிகின்றன. நீரின் நடுமட்டத்தில் தலை மேல்நோக்கிச் சாய்ந்தபடி, வால் நுனியை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும். கால் முளைத்து வெளியே ஏறும்போது நகத்தளவுதான் இருக்கும்.

இனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்பீர்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது அழிந்துபோகும் அச்சம் குறைந்த இனம். காட்டோரம், வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்த காடு, செயற்கைக் குட்டை என எங்கும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆனால் இதன் உறவினர்களின் நிலை அப்படி இல்லை. மத்திய அமெரிக்காவின் குளிர்ந்த மலைக்காடுகளில் கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை பரவியபோது தவளை இனங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கோஸ்டாரிகாவின் மான்டிவெர்டேயில் இருந்த பொன் தேரையைக் கடைசியாகப் பார்த்தது 1989-இல். இதே பேரினத்தைச் சேர்ந்த லெமூர் இலைத் தவளை இன்று மிக அருகிப்போய், அழிவின் விளிம்பில் இருக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு வெப்பம் ஆகாது. சிவப்புக் கண் தவளை வெப்பமான தாழ்நிலத்தில் வாழ்வது அதற்குப் பெரும் துணையாக இருந்திருக்கிறது. இதில் எனக்கு நிம்மதியும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. சுவரொட்டிகளில் மழைக்காட்டின் முகமாக இந்த ஒரே தவளையைப் போடுகிறோம், பக்கத்து மலையில் எந்தப் படமும் இல்லாமல் அதன் சொந்தங்கள் போய்விட்டன. மழை தள்ளிப்போவது இதற்கும் பிரச்சினைதான். முட்டைக் கொத்து ஈரத்தை நம்பியே இருப்பதால், நடு மழைக்காலத்தில் சில நாள் வறண்டாலே கருக்கள் பெருமளவில் சாகின்றன.

வளர்ப்பது பற்றி. வெளிநாடுகளில் இதைச் செல்லப்பிராணியாக நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். காட்டிலிருந்து பிடித்துப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்ததால்தான் 2010-இல் இந்தப் பேரினத்தின் ஐந்து இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உரிமம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சைட்ஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். வாட்ஸாப்பில் படம் அனுப்பி விலை சொல்பவரிடம் காகிதம் இருக்காது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சென்னை வெயிலில் ஈரத்தையும் வெப்பத்தையும் இரவு பகலாகச் சரியாக வைத்து, உயிருள்ள பூச்சிகளையே தீனியாகக் கொடுத்து, பகல் முழுக்கத் தூங்கும் ஒரு பிராணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில் அதற்கு எந்த நன்மையும் இல்லை. என் பதில் வேண்டாம் என்பதுதான்.

நம் காடுகளில் இந்த இனம் இல்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடும் தவளைகள் நம்மிடம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் பறக்கும் தவளையும், ஆனைமலையிலிருந்து 2000-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட அதன் நெருங்கிய உறவும் பச்சை உடம்பும் விரல்களுக்கிடையே சிவந்த சவ்வுமாக இருக்கும். பார்த்தால் சிவப்புக் கண் தவளையின் தம்பி என்று தோன்றும், உண்மையில் குடும்பமே வேறு. மரத்தில் ஏறி வாழ்வதும் நீருக்கு மேலே முட்டையிடுவதும் இரண்டு கண்டங்களில் தனித்தனியாகத் தோன்றியவை. முட்டையைக் காப்பாற்ற இவை கண்ட வழியும் வேறு. பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அந்த நுரைக்குள் முட்டைகளைப் பொதிந்துவிடும். நுரை ஈரத்தைக் காக்கும், தலைப்பிரட்டைகள் வளர்ந்ததும் கீழே நீருக்குள் நழுவும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு வால்பாறைப் பக்கம் போகிறவர்கள், ஓடை, குட்டைகளுக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் உள்ள இலைகளில் வெள்ளை நுரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வனத்துறை அனுமதி உள்ள இடத்தில், ஊர்க்காரர் ஒருவரின் துணையோடு போங்கள். டார்ச்சை நேராகத் தவளையின் கண்ணில் அடிக்காதீர்கள். இலையைப் படத்துக்காக வளைக்காதீர்கள், நுரையை விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று எடுத்தாலே படம் நன்றாக வரும்.